யுவான் சுவாங் கண்ட விருந்தோம்பல்

இல்வாழ்வார்க்கு நூல்கள் விதித்த அறங்களுள் விருந்தோம்பல் தலைசிறந்ததொன்று. திருவள்ளுவ தேவர் இல்லறவியலுள் இதற்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தருளினார். விருந்து என்னும் சொற்குப் புதுமை என்பது பொருள் என்றும், அஃது ஆகுபெயராய்ப் புதியராய் வந்தாரை உணர்த்திற்று என்றும், அவர்தாம் முன்னறிமுகம் உடைமையாற் குறித்து வருவாரும் அஃதின்றி வருவாரும் என இருவகையர் என்றும் பரிமேலழகர் விளக்கினார். இவ்விரு திறத்தாருள் முன்னையோரைப் போற்றுதல் யார்க்கும் எளிது. பின்னையோரை, அவருள்ளும் நாடும் மொழியும் சமயமும் வேறாயினாரை, அவர்பால் ஒரு பயனும் எதிர்நோக்காது போற்றுதலே அரிது. ஒரு நாட்டு மக்களின் அறவுணர்ச்சியை அளந்தறிதற்கு இவ்வரிய செயலினும் சிறந்த உரைகல் வேறில்லை.

ஆயின் இவ்வுரைகல்லில் உரைத்துக் காண்டற்குச் சான்றுகள் கிடைத்தல் எளிதன்று. அரசர் அளித்த கொடைகள் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டன. புலவர் பெற்ற பரிசில்கள் பாட்டில் நின்றன. வழி தப்பி வந்த ஒருவனுக்கு நீரும் சோறும் ஈந்து, தன் திண்ணையில் ஓரிரவு துயில்வித்த சிற்றூரான் செயலை எக்கல்லும் கூறாது. அதனை அறிந்தவன் அவ்வழிப்போக்கன் ஒருவனே. அவன் எழுதிவைத்தாலன்றி அச்செயல் உலகிற்குப் புலனாவதில்லை. அங்ஙனம் எழுதிவைத்தோருள் சீன தேயத்துப் பௌத்த துறவியாகிய யுவான் சுவாங் என்பார் முதன்மை வாய்ந்தவர்.

இவர் கி. பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தே சீனத்து லோயாங் நகரையடுத்த ஓரூரிற் பிறந்து, இளமையிலேயே துறவு பூண்டவர். தம் நாட்டில் வழங்கிய பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புக்கள் ஒன்றோடொன்று மாறுகொள்ளக் கண்டு, அந்நூல்கள் பிறந்த நாட்டிற்கே சென்று மூலங்களைக் கற்றுவரத் துணிந்தனர். அரசன் இசைவு கிடைத்திலது. கிடையாதிருந்தும் கி. பி. 629-இல் சாங்கான் நகரினின்று புறப்பட்டுப் பாலைநிலமும் பனிமலையும் கடந்து பாரத நாட்டை அடைந்தனர். ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழிந்தபின் 645-இல் மீண்டனர். அவர் கண்டவற்றைக் கூறும் மேற்றிசை நாடுகளின் குறிப்பு என்னும் நூல் 646-இல் முற்றுப்பெற்றது. அவர் மாணவராகிய ஹுய்லி என்பார் தொடங்கிப் பிறரொருவர் நிறைவேற்றிய அவரது வாழ்க்கை வரலாறும் உளது. ஈண்டுக் கூறப்படுவன பெரும்பாலும் இவ்விரு நூல்களினின்றும் அறியப்படுவனவே.

யுவான் சுவாங்குக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, கி. பி. 399-இல் சீனத்தினின்று புறப்பட்டு வந்த பாகியான் என்னும் துறவி, இந்நாட்டு வழியறங்களைப் பற்றி ஒரு குறிப்பு வரைந்துள்ளார். மத்திய தேசத்தில் தம் பௌத்த நெறிக்குப் புறம்பான 96 சமயத்தார் உளர் என்று கூறும் அவர், அச்சமயத்தாரைத் தம் நெறிக்கு மாறுபட்டோரென்றே எண்ணுகின்றார். எண்ணியும், அவர்கள் ஆளரவமற்ற வழிகளில் அறச்சாலைகள் எடுத்து, அவற்றில் அறையும் கட்டிலும் உணவும் நீரும் வழிச்செல்வார்க்கு அமைத்தனர் என்றும், அவ்வழிச்செல்வாருள் பௌத்த பிட்சுக்களையும் விலக்கினாரல்லர் என்றும் ஒளியாது எழுதுகின்றார். பாடலிபுத்திரத்தில் வணிகக்குடித் தலைவர்கள் ஏழைகளுக்கும் நோயாளருக்கும் மருந்தும் உணவும் வழங்கும் சாலைகளை நடத்தியதையும் அவர் குறித்துளார். மாற்றார் கூறும் புகழ் மிகைப்படக் கூறியதாதல் அரிதாகலின், இச்சான்று பெரிதும் மதிக்கற்பாலது.

இனி யுவான் சுவாங் தம் உடம்பிற் பட்டறிந்த ஒரு செய்தியை நோக்குவோம். அவர் காசுமீரத்தில் ஈராண்டு தங்கிக் கற்றபின், தென்கிழக்காகச் சென்று தக்க தேசத்தை அடைந்தார். அஃது இக்காலத்துப் பஞ்சாபப் பகுதியாகும். அதன் பழைய தலைநகராகிய சாகலம் இன்று பாகிஸ்தானத்திலுள்ள சியால்கோட்டு என்பர். நரசிம்மம் என்னும் ஊரைக் கடந்து கிழக்கே செல்லுங்கால், ஒரு பெரிய பலாசவனத்தினுள் ஐம்பது கள்வர் அவரையும் உடன்வந்தாரையும் வளைத்துக்கொண்டனர். உடுத்த ஆடை முதலாக உள்ளவை அனைத்தும் பறித்துக்கொண்டு, அவர்களை வாளோச்சி வெருட்டி, வழியின் தென்பாலிருந்த வற்றிய குளமொன்றினுள் ஓட்டினர். கொன்றொழிப்பதே கள்வர் கருத்து. குளத்தினுள் முட்செடிகளும் கொடிகளும் அடர்ந்திருந்தன. உடன்வந்த இளந்துறவி ஒருவன் தென்கரையில் நீர் செல்லும் வழியாகிய ஒரு புழையைக் கண்டான். அஃது ஒருவர் நுழையும் அளவினது. அவன் யுவான் சுவாங்குக்குக் குறிப்பாற் காட்ட, இருவரும் அதன் வழியே வெளியேறி ஓடினர்.

சிறிது தொலைவு ஓடியபின் நிலம் உழுதுகொண்டிருந்த ஒரு பிராமணரைக் கண்டனர். நடந்ததைக் கூறினர். அவ்வுழவர் செய்தது யாது? இவர் யாவர், எந்நாட்டார், எச்சமயத்தார் என்னும் வினா அவர் வாயிற் பிறந்ததாக வரலாறு கூறவில்லை. கேட்ட அளவிலே திடுக்குற்று, ஏரினின்றும் எருதை அவிழ்த்துவிட்டு, ஊர்க்குள் ஓடிச் சங்கு ஊதிப் பறையறைவித்தார். எண்பதின்மர்க்கு மேற்பட்ட ஊரார் கைக்குக் கிடைத்த படைகளோடு திரண்டு, கள்வர் இருந்த இடம் நோக்கி விரைந்தனர். அவர்களைக் கண்ட கள்வர் காட்டினுள் ஓடி மறைந்தனர். யுவான் சுவாங் குளத்தினுள் சென்று, கட்டுண்டு கிடந்தாரை அவிழ்த்துவிட்டனர். ஊரார் தந்த ஆடைகளை அவர்கட்குப் பகிர்ந்தளித்து, அவர்களோடு அவ்வூரிலேயே அன்றிரவு தங்கினர். உடன்வந்தோர் பொருளிழந்து அழுதனர். அவர் ஒருவரே முகமலர்ந்திருந்தனர். காரணம் வினவியபோது, உயிரே பொருள்களிற் பெரிது, அஃது எஞ்சியபின் ஆடை முதலியன போயினமைக்கு வருந்துவதென்னை என விடை கூறினராம்.

இந்நிகழ்ச்சியில் ஆராயத்தக்கன இரண்டு உள. ஒன்று, அவ்வூரார் தம் உயிரைப் பணயமாக வைத்தனர் என்பது. ஐம்பது கள்வரை எதிர்த்தல் விளையாட்டன்று. தம் மனையும் மாடும் கொள்ளைபோகாதிருக்க, எவரோ ஒரு வழிப்போக்கர்க்காகப் படையெடுத்துச் சென்றனர். மற்றொன்று, உதவி செய்தற்குரிய ஒழுங்கு அவ்வூரில் முன்னரே அமைந்திருந்தது என்பது. சங்கொலி கேட்ட மாத்திரத்தே எண்பதின்மர் கூடினர் எனின், இன்னலுற்றார்க்கு ஊர் ஒன்றாய் எழுதல் வேண்டும் என்னும் வழக்கம் அங்கு நெடுநாளாக நிலைபெற்றிருந்ததாதல் வேண்டும். நல்லெண்ணம் ஒருவர் உள்ளத்தே தோன்றுவது. அது வழக்கமாய் வேரூன்றிய வழியே ஊரறமாகின்றது.

மறுநாள் அவர்கள் தக்க தேசத்துக் கீழெல்லையில் ஒரு பேரூரை அடைந்தனர். ஊர்க்கு மேற்பால் ஒரு மாந்தோப்பில் நாகார்ச்சுனருடைய மாணாக்கர் என்று சொல்லப்பட்ட முதிய பிராமணர் ஒருவர் வாழ்ந்தனர். அவர்க்கு எழுநூறு வயது என்று அந்நாட்டார் கூறினர் என்பது கேள்விச் செய்தி. அவர் வேதங்களும் பௌத்த நூல்களும் ஒருங்கு கற்றவர். வந்தோர் கள்வரால் ஆடையிழந்தமை அறிந்து, ஊர்க்குள் ஆள்விட்டுச் செய்தி சொல்வித்தார். பல்லாயிரங் குடிகள் நிறைந்த அவ்வூரில் புத்தரைப் போற்றுவார் சிலரே என்றும், பிற தெய்வங்களை வழிபடுவாரே மிகப் பலர் என்றும் வரலாறு வெளிப்படையாகக் கூறுகின்றது. அவ்வூரினின்று முந்நூற்றுவர்க்கு மேற்பட்ட பெருமக்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பருத்தித் துகிலும் உண்பொருளும் ஏந்தி மாந்தோப்பிற்கு வந்து, யுவான் சுவாங் முன் வைத்து வணங்கினர். அத்துகில்கள் உடன்வந்தார்க்கெல்லாம் பல ஆடைகளுக்குப் போதியனவாய் மிஞ்சவே, எஞ்சியவற்றுட் சில அம்முதியவர்க்கே காணிக்கையாயின. யுவான் சுவாங் அங்கு ஒரு திங்கள் தங்கி அவரிடம் பாடங் கேட்டனர்.

இத்தக்க தேசத்தைப் பற்றி யுவான் சுவாங் தம் நூலில் எழுதுங்கால், பௌத்த விகாரங்கள் பத்தே என்றும், தேவாலயங்கள் பல நூறு என்றும் கூறிப் பின்வருவதையும் சேர்க்கின்றார். முன்னாளில் அங்குப் புண்ணியசாலைகள் பல இருந்தன. அவை வறியோரையும் ஆதரவற்றோரையும் பேணி, மருந்து வேண்டினார்க்கு மருந்தும் உணவு வேண்டினார்க்கு உணவும் வழங்கின. ஆதலின் வழிச்செல்வார்க்கு அல்லலில்லை என்பது அவர் கூற்று. ஒரு வழிப்போக்கன் நாட்கணக்கில் நடந்து செல்லுங்கால் உணவும் மருந்தும் நீரும் தாங்கிச் செல்ல இயலாது. இன்ன தொலைவில் ஒரு சாலை உண்டு என்னும் உறுதியே வணிகரையும் யாத்திரிகரையும் மாணாக்கரையும் வழிநடத்திற்று. கல்வியும் வாணிகமும் சமயமும் நாடெங்கும் பரந்தமைக்கு இச்சாலைகளும் ஒரு காரணம் எனல் மிகையாகாது.

இவ்வறம் வடநாட்டிற்கே உரியதன்று. யுவான் சுவாங் வாழ்ந்த அதே ஏழாம் நூற்றாண்டில் தமிழகத்துத் திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் கண்ணாற் காணாத திருநாவுக்கரசு நாயனாரின் பெயரால் சாலையும் குளமும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்தருளினார். அடியவர்பால் வைத்த அன்பே அப்பந்தர்க்கு வித்து. ஆயினும் அதன் நிழலும் நீரும் அவ்வழி வந்த அனைவர்க்கும் பொதுவாயின. தக்க தேசத்துப் புண்ணியசாலையும் திங்களூர்த் தண்ணீர்ப்பந்தரும் ஒரே அறத்தின் இருவேறு கிளைகள் என்பது கருதற்பாலது.

தக்க தேசத்திற்கு அப்பால் சீனபுக்தி என்னும் நாட்டில் அவர் 14 திங்கள் தங்கினர். முன்னொரு காலத்தே கனிஷ்க மன்னனிடம் பிணையாக அனுப்பப்பட்ட சீன நாட்டார் குளிர்காலத்திற் குடியிருந்த நாடு அஃது என்றும், பீச்சு, பேரி என்னும் கனிமரங்களை இந்நாட்டிற் கொணர்ந்தார் அவரே என்றும் அந்நாட்டார் கூறினர். யுவான் சுவாங்கைக் கண்ட மக்கள், இவர் நம் பழைய அரசர் பிறந்த நாட்டினர் என்று ஒருவர்க்கொருவர் சுட்டிக்காட்டி மகிழ்ந்தனராம். பலநூறாண்டுகட்கு முன் வந்து சென்ற அயலாரைப் பகையாக நினையாமல், அவர் நட்ட மரத்தின் கனியோடு அவர் நினைவையும் போற்றியிருந்த மக்களின் இயல்பு எண்ணுந்தோறும் இனிக்கின்றது.

இவற்றால் இந்நாடு முழுதும் நன்மக்களே நிறைந்திருந்தது எனக் கொள்ளின் அது வரலாற்று நெறிக்குப் பொருந்தாது. பலாசவனத்துக் கள்வரும் இந்நாட்டாரே. அயோத்தியினின்று கங்கைவழியே ஓடத்திற் செல்லுங்கால், அசோகவனம் அடர்ந்த கரையினின்று கொள்ளைக்காரர் படகுகளில் வந்து வளைத்துக்கொண்டனர். துர்க்கைக்கு ஆண்டுதோறும் நரபலி இடுவாராகிய அவர்கள், யுவான் சுவாங்கின் பொலிவுடைய வடிவைக் கண்டு அவரையே பலியிடத் துணிந்தனர். தெய்வத்தின் பெயரால் செய்யப்படினும் கொலை கொலையே. அவ்வோடத்தில் உடன்சென்றார் எண்பதின்மர்க்கு மேற்பட்டவர். வழித்துணையேயன்றி அவரோடு வேறு தொடர்பில்லாத அவர்களுட் சிலர், அவர்க்கு மாறாகத் தம்மைப் பலியிடுக என்று வேண்டினர் என ஹுய்லி எழுதுகின்றார். கொள்ளைக்காரர் அதற்கு இசையவில்லை. அப்போது பெருங்காற்று எழுந்து மணலை வாரி இறைத்து மரங்களை முறிக்க, அவர்கள் அஞ்சிப் பிழைபொறுக்க வேண்டிப் பறித்த பொருள்களைத் திருப்பித் தந்தனர். பிறர்க்காகத் தம்முயிர் ஈய முன்வந்த அவர்களின் பெயரும் நமக்குக் கிடைத்திலது.

யுவான் சுவாங் பெற்ற சிறப்பெல்லாம் அரசரும் விகாரத்தாரும் அவர் கல்விக்குச் செய்த சிறப்பேயன்றி மக்கள் செய்த விருந்தோம்பலன்று என ஒரு தடை எழலாம். அவர்க்குக் கல்விப் புகழால் வந்த சிறப்பும் உண்டென்பது உண்மையே. காசுமீரத்து அரசன் நூல்களைப் படியெடுத்தற்கு இருபது எழுத்தாளரைத் தந்தான். மாந்தோப்பிற்கு வந்த முந்நூற்றுவரும் காசுமீரத்திற் பரவிய அவர் புகழைக் கேட்டிருந்தனர். ஆயின் ஏரை நிறுத்திச் சங்கெடுத்த உழவர் அவர் புகழைக் கேட்டவரல்லர். அவர் கண்டது ஆடையிழந்து ஓடிவந்த இருவரை மட்டுமே. மேலும் அரசரும் விகாரத்தாரும் செய்த சிறப்பும் ஊர்மக்கள் உழைப்பின்மேல் நின்றதே. நாலந்தாவில் யுவான் சுவாங்குக்கு நாள்தோறும் வெற்றிலை 120-உம் பாக்கு 20-உம் மகாசாலி என்னும் உயர்ந்த அரிசியும் பிறவும் அளிக்கப்பட்டன. அவ்விகாரத்திற்கென விடப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் இருநூறு குடும்பத்தார் நாள்தோறும் அரிசியும் நெய்யும் பாலும் கொணர்ந்து தந்தமையால், பல்லாயிரம் மாணாக்கர் இரந்துண்ணும் வருத்தமின்றிக் கற்றனர். அவரை எதிர்கொள்ள வந்த கூட்டத்திலும் பிட்சுக்கள் இருநூற்றுவர். குடையும் கொடியும் மலரும் நறும்புகையும் ஏந்திவந்த இல்லறத்தார் ஆயிரவர்.

தாம் கண்ட மக்களைப் பற்றி யுவான் சுவாங் எழுதிய மதிப்புரைகளும் இதற்குச் சான்றாவன. காசியைப் பற்றிக் கூறுங்கால், ஆங்குள்ளார் பெரும்பாலும் பௌத்தரல்லர், மகேசுவரனை வழிபடுவாரே மிக்கார், திருநீறு பூசுவாரும் உளர் என்று எழுதுகின்றார். அங்கு ஏறத்தாழ நூறடி உயரமுடைய மகேசுவர வடிவம் உயிருடையது போல் அச்சமும் பத்தியும் விளைத்து நின்றது என்கின்றார். அம்மக்களையே மென்மையும் பணிவும் உடையார், கல்வியில் ஊக்கமுடையார் என்றும் புகழ்கின்றார். 640-ஆம் ஆண்டையொட்டி அவர் தென்னாடு போந்து காஞ்சியை அடைந்தனர். திராவிட நாட்டார் வீரமுடையார், வாய்மையிலும் நேர்மையிலும் உறுதியுடையார், கல்வியைப் பெரிதும் மதிப்பார் என்பது அவர் குறிப்பு. அஃது நரசிம்மவர்ம பல்லவன் ஆட்சிக்காலம். அடியார்க்கு அமுதளித்தன்றித் தாம் உண்ணாத சிறுத்தொண்ட நாயனார், வாதாபி வென்ற தானைத்தலைவராகிய பரஞ்சோதியாராய் விளங்கியதும் அக்காலமே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. இலங்கைக்குச் செல்ல எண்ணிய யுவான் சுவாங், அங்கு அரசன் இறந்து பஞ்சமும் கலகமும் நேர்ந்தமையால் முந்நூற்றுவர்க்கு மேற்பட்ட பிட்சுக்கள் காஞ்சிக்குப் புகலடைந்து வரக் கண்டு, அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர். அயல்நாட்டு அகதிகட்கும் காஞ்சி வாயில் திறந்திருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்து மற்றொன்றும் மறையாது கூறற்பாலது. யுவான் சுவாங் எல்லாச் சமயமும் ஒன்றெனக் கொண்டவரல்லர். தம் மகாயானக் கொள்கையை நிலைநாட்டப் பிற சமயங்களை வன்மையாக மறுத்தவர். நாலந்தாவில் உலகாயதர் ஒருவரோடு வாதிட்டபோது, உடம்பெல்லாம் சாம்பர் பூசுவாரை அடுப்பில் உறங்கும் பூனைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தனர் என்று அவர் வரலாறே கூறுகின்றது. சிவநெறியாளர்க்கு இவ்வுரை இனியதன்று. ஆயினும் அவரைப் பேரன்போடு வரவேற்ற அரசர் இருவரும் சிவபத்தியிற் சிறந்தவர். ஹர்ஷவர்த்தனன் தன் பன்ஸ்கேரா, மதுபன் செப்பேடுகளில் தன்னைப் பரம மாகேசுவரன் என்றே கூறிக்கொள்கின்றான். காமரூபத்துப் பாஸ்கரவர்மனது நிதான்பூர்ச் செப்பேடு சிவபெருமானை வணங்கித் தொடங்குகின்றது. 643-இல் பிரயாகையில் ஹர்ஷன் நடத்திய பெருங்கொடை விழாவில் முதல்நாள் புத்தர் வடிவமும், இரண்டாம் நாள் ஆதித்தன் வடிவமும், மூன்றாம் நாள் ஈசுவரன் வடிவமும் எழுந்தருளுவிக்கப்பட்டன. வாதத்தில் உறுதியும் வாயிலில் அன்பும் ஒருங்கு நிற்றல் கூடும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

அவ்வுலகாயதர் கதையும் ஈண்டு முடிவுபெறவில்லை. தோற்றால் தம் தலையைத் தருவதாகச் சூளுரைத்தவர் அவர். யுவான் சுவாங் அவர் தலையைக் கொள்ளாது தம்மிடம் பணிசெய்ய வைத்துக்கொண்டார். பின்னர்த் தமக்கு விளங்காத ஒரு நூற்பகுதியை அவரிடமே பாடங்கேட்டு, அதற்கு நன்றியாக அவரை விடுதலை செய்தார். விடுதலைபெற்ற அவர் காமரூபம் சென்று பாஸ்கரவர்மனிடம் யுவான் சுவாங்கின் பெருமையைக் கூறினார். அதனாலேயே அவ்வரசன் அவரை வருவித்துப் போற்றினான். அவர் தம் நாடு திரும்புவது எவ்வாறு எனக் கவலையுற்றிருந்த ஒருநாள், சமணத் துறவி ஒருவர் தாமே வந்து கணித்துப் பார்த்து, இருபேரரசர் துணைபுரிய நலமே மீள்வீர் எனத் தேற்றிய செய்தியும் அவ்வரலாற்றில் உளது. தோற்ற உலகாயதர் புகழ் பரப்புகின்றார், சமணர் தேற்றுகின்றார், சைவ அரசர் வழிவிடுகின்றனர், விடைபெறுவார் பௌத்தர்.

விடைபெறுங்கால் அரசர் தந்த பொன்னும் மணியும் அவர் கொண்டிலர். பாஸ்கரவர்மன் தந்த கம்பள மேலாடை ஒன்றை மட்டும், வழியில் மழைக்கு உதவும் என்று ஏற்றுக்கொண்டனர். ஹர்ஷன் நெடுந்தொலைவு உடன்சென்று விடைகொடுத்துப் பிரிந்தான். பிரிந்த மூன்றாம் நாள் ஆற்றாதவனாய்ப் பாஸ்கரவர்மன் முதலியோரோடும் குதிரைமேல் விரைந்து வந்து, மீண்டும் ஒருமுறை கண்டு விடைகொடுத்தான். வழியிலுள்ள நாடுகளெல்லாம் அவர்க்கு ஊர்தி உதவுமாறு வெண்துகிலில் ஓலைகள் எழுதி முத்திரையிட்டு அனுப்பினான். சிந்து நதியைக் கடக்கையில் காற்றாலும் அலையாலும் ஓடம் அலைக்கப்பட்டு, ஐம்பது சுவடிக்கட்டுக்கள் நீரில் வீழ்ந்தன. சுவடிகளைக் காத்து நின்றவனும் ஆற்றில் வீழ, உடனிருந்தார் அவனை எடுத்துக் காத்தனர். இழந்த நூல்களைப் படியெடுத்துக் கொள்ளும் பொருட்டு யுவான் சுவாங் அந்நதிக்கரை நாட்டில் ஐம்பது நாட்களுக்கு மேல் தங்கினர்.

645-இல் அவர் சாங்கான் நகர் புகுந்தபோது, இருபது குதிரைகள் சுமந்துசென்ற நூல்களின் தொகை 657. அவற்றுள் 75 நூல்களை 664-இல் தாம் மறையுமளவும் சீனத்தில் மொழிபெயர்த்தனர். மூலம் இந்நாட்டில் அழிந்தொழிய, அவர் மொழிபெயர்ப்பால் மட்டும் இன்று எஞ்சி நிற்கும் நூல்களும் உள. அவர் எழுதிய யாத்திரைக் குறிப்புக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டன. அவற்றைத் துணைக்கொண்டே கன்னிங்காம் என்பார் மண்மூடிக் கிடந்த நாலந்தா முதலிய பழம்பதிகளை இன்னவிடத்தன என்று அறுதியிட்டனர். பாரத நாட்டின் பழைய வரலாற்றில் ஒரு பெரும்பகுதி இவ்வாறு மீட்கப்பட்டது. பலாசவனத்தருகே அன்று அவ்வுழவர் தம் ஏரே பெரிதென்று வாளாவிருந்திருப்பின், இவையனைத்தும் யாதாயிருக்கும் என்பதை அறிவுடையார் எண்ணிப்பார்க்க.

அன்பின் தொடர்பு அவர் நாடு மீண்டதோடும் அறுந்திலது. 652-இல் புத்தகயையிலுள்ள மகாபோதி விகாரத்தினின்று பிரஞ்ஞாதேவர் முதலியோர் விடுத்த திருமுகம் ஒரு துறவிவழியாகச் சீனத்தை அடைந்தது. உள்ளன்பிற்கு அடையாளமாக வெண்துகில் இரண்டு அதனுடன் வந்தன. வழி நெடிதாகலின் பொருளின் சிறுமையைப் பொருட்படுத்தற்க என்று அவர்கள் வேண்டியிருந்தனர். இப்பிரஞ்ஞாதேவர் ஈனயானக் கொள்கையினர்; கன்னோசிப் பேரவையில் யுவான் சுவாங்கால் கடுமையாக மறுக்கப்பட்டுத் தோல்வியுற்றவர். அங்ஙனமாகியும் பத்தாண்டு கழிந்தபின் மலையும் பாலையும் கடந்து அவர் அன்பு வந்தது. 654-இல் யுவான் சுவாங் விடை எழுதினார். அதில் தம் ஆசிரியர் சீலபத்திரர் மறைவுக்கு வருந்தி, சிந்துவில் இழந்த நூல்களின் பெயர்களைக் குறித்து, இயலுமேல் அனுப்புமாறு வேண்டினார். கொள்கை மாறுபாட்டையும் மறவாது எடுத்துக்காட்டினார். கொள்கையை விட்டுக்கொடாமலே நட்பைப் போற்றிய பெரியார் இருவரின் ஓலைகள் இவை.

இவ்வரலாற்றால் தெளியப்படுவது ஒன்றுண்டு. சமயங்கள் தம்முள் வாதிடுதற்கு இடம் அவைக்களம். வழிப்போக்கன் வந்து நிற்குமிடம் வீட்டுவாயில். அவைக்களத்தின் மாறுபாட்டை வாயிலுக்குக் கொணராமையே நம் முன்னோர் கண்ட ஒழுங்கு. வாயிலில் நிற்பான் பசித்தவன், நீர்வேட்கையுற்றவன், அச்சமுற்றவன் என்னும் அளவே அங்கு அறியற்பாலது. அவன் கொள்கையை ஆராய்தற்கு அவன் உண்டு இளைப்பாறியபின் காலம் உண்டு. சிவாகமங்கள் விதித்த மாகேசுர பூசையை வழுவாது செய்யும் அன்பர்கள், வாயிலில் வந்துநிற்கும் புதியானையும் புறக்கணியாராயின், அப்பூசையும் நிறைவெய்தும். சங்கூதிய உழவரின் பெயரை வரலாறு அறியாது. அவர் செய்த அறத்தை மட்டும் அறியும். பெயர் நிற்றல் பொருட்டன்று, அறம் நிற்றலே வேண்டும்.